அச்சு விழாத சில்லு

மார்ச் 3, திங்கள்

பிள்ளையார் பால் குடித்த வருஷம் அது. அந்த வியாழக்கிழமை சிங்காநல்லூரில் ஒரு வீட்டிலும் காப்பிக்குப் பால் இல்லை. இருந்த பாலெல்லாம் டம்ளரில் ஏறிக் கோயிலுக்குப் போய்விட்டது. அடுத்த மாதம் தீபாவளிக்கு மறுநாள் காலையில் சூரிய கிரகணம் பிடித்து, ஊரே கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தது. அந்த இரண்டுக்கும் நடுவில்தான் எங்கள் மில் கிளப்பில் பெரிய போட்டி நடந்தது. வருஷத்துக்கு நம்பர் சொல்ல எனக்குத் தெரியாது. ஸ்ரீதர் தம்பிதான் விரல் விட்டுப் பார்த்து, "தொண்ணூத்தஞ்சுங்கண்ணா" என்றார்.

ஸ்ரீதர், கிளப் தலைவராக இருந்த வரதராஜுலு சாரின் மகன். மில் மூடிப் பல வருஷம் ஆகிவிட்டது. கிளப்பை மட்டும் நாலைந்து பேர் விடாமல் நடத்துகிறார்கள். வருகிற பதினாறாம் தேதி ஐம்பதாம் ஆண்டு விழா. என்னை மேடையில் ஏற்றிப் பொன்னாடை போடப் போகிறார்களாம். விழா மலரில் போடுவதற்குப் பழைய ஞாபகங்களைச் சொல்லவேண்டுமாம். எனக்கு எழுதத் தெரியாது. மருமகள் பிரேமா எழுதுகிறாள். ஜாக்கெட் அளவு குறிக்கிற நோட்டு. முன்பக்கமெல்லாம் யார் யாருடைய தோளும் கையும்.

"ஏனுங் மாமா, நீங்க பேசற மாதிரியே எழுதட்டுங்களா?"

"புஸ்தகத்துல வரது கண்ணு. திருத்தி எழுது. என்ற பேச்சை அப்பிடியே போட்டா சிரிக்க மாட்டாங்களா?"

"தேதி போட்டுத் தினமும் கொஞ்சங் கொஞ்சமாச் சொல்லுங். எனக்கு முகூர்த்த ஜாக்கெட் பதினோரு உருப்படி கெடக்குது."

இன்றைக்கு இவ்வளவு போதும்.

மார்ச் 4, செவ்வாய்

காலையில் உப்புத் தண்ணீர்தான் வந்தது. நல்ல தண்ணீர் நாளைக்காம்.

ஆட்டத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். ஸ்கிராபிள் என்பார்கள். கட்டம் போட்ட ஒரு பலகை. ஒரு பையில் நூறு மரச்சில்லு. சில்லுக்கு ஒரு இங்கிலீஷ் எழுத்து. ஆளுக்கு ஏழு சில்லு எடுத்து, பலகையில் வார்த்தை கோத்து வைக்கவேண்டும். எழுத்துக்கு எழுத்து மதிப்பு உண்டு. வக்கீல், புரொபசர், டீச்சர், பேங்க் ஆபீசர் எல்லாம் வந்து ஆடுவார்கள். ஒரு வார்த்தைக்கு அரை மணி நேரம் சண்டை போடுவார்கள். குரலை மட்டும் உயர்த்த மாட்டார்கள்.

பஞ்சைச் சிக்கெடுக்கிற கார்டிங் மிஷினில் எனக்கு இடது கையில் இரண்டு விரல் போனபிறகு, மில்லில் என்னைக் கிளப்புக்கு மாற்றிவிட்டார்கள். கூட்டுவது, டீ கொடுப்பது, சில்லு எண்ணுவது. ஐந்துக்கு ஐந்தாக ஒரு சதுரம் அடுக்குவேன். அப்படி நாலு சதுரம் வந்தால் நூறு. படிப்புத் தேவையில்லை. எந்தச் சில்லு எங்கே போகிறது என்று ஆடுகிறவர்கள் பார்த்துவிடக் கூடாது; அதனால் எழுத்து கீழே இருக்கும்படி கவிழ்த்துத்தான் அடுக்கவேண்டும். அது எங்கள் கிளப் வழக்கம்.

வரதராஜுலு சார் வெளியூர் ஆட்களிடம் என்னைக் காட்டிச் சொல்வார்: "இவனுக்கு ஒரு எழுத்தும் தெரியாதுங்க. யாருக்கு எந்தச் சில்லு போனா லாபம்னு இவனுக்கு எப்படித் தெரியும்? இவன் எண்ணுனா அதுக்கு மேல அப்பீல் கிடையாது."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். படிக்காததற்காக என்னை ஒருவர் மெச்சியது அங்கேதான்.

மார்ச் 5, புதன்

போத்தனூர் போய் வந்தேன். வேலை ஒன்றும் இல்லை.

மார்ச் 7, வெள்ளி

ஸ்ரீதர் வந்தார். பொன்னாடையோடு கேடயமும் உண்டாம். அதில் பொறிக்கப் போகிற வாசகத்தை வாசித்துக் காட்டினார். 'நாணயத்தின் மறு உருவம் திரு. ஆறுச்சாமி.' பிரேமா கத்தரியை வைத்துவிட்டுக் கை தட்டினாள். நான் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தேன்.

"அப்பா உங்களைப் பத்திச் சொல்லாத நாளே இல்லீங்கண்ணா. அந்தத் திருட்டுக் கேஸ்லகூட, ஆறுச்சாமி கைரேகை வெச்சான், மறுபேச்சு இல்லாமப் போச்சுன்னு சொல்லுவார்."

"அது எதுக்குங் இப்ப."

"மலர்ல அதுதானுங்க முக்கியம். பைனல்ல ஒரு பொம்பள வெளியிலிருந்து சில்லு கொண்டாந்து மாட்டிக்கிட்டா. அதை நீங்க உங்க வாயால சொன்னா நல்லா இருக்கும். அன்னைக்கு மேஜையைச் சுத்தி இருந்தவங்க ஒருத்தருமே இல்லையே இப்ப."

ஸ்ரீதர் கிளம்பியபின் பிரேமா கேட்டாள்: "அந்தம்மா பேரு என்னங் மாமா?"

"மறந்து போச்சு."

"உங்களுக்கா? என்ற நிச்சயதார்த்தத்துக்கு வந்தவங்க என்ன கலர் சேலைன்னு இப்பக் கேட்டாலும் சொல்லுவீங்க."

"டீச்சர். இங்கிலீஷ் டீச்சர். அவ்வளவுதான் ஞாபகம்."

அவள் நம்பவில்லை. ஊசியில் நூல் கோக்கிற சாக்கில் என்னையே பார்த்தாள்.

மார்ச் 8, சனி

பல் வலி. கிராம்பு வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

பிள்ளையார் பால் குடித்த வியாழக்கிழமை கிளப்பில் ஒருவரும் இல்லை. டீ போடுகிற குட்டப்பன்கூடப் பால் குவளையோடு ஓடிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை பைனல். பைனலுக்கென்றே பம்பாயிலிருந்து வாங்கி வைத்த செட்டு ஒன்று உண்டு; வருஷத்தில் ஒரு நாள்தான் வெளியே வரும். அதன் வெல்வெட் பையில் தூசி நாற்றம் அடித்தது. சில்லுகளைத் தட்டில் கொட்டிவிட்டுப் பையைத் துவைத்துப் போட்டேன். உள்துணி ஒரு இடத்தில் கிழிந்திருந்தது. காய்ந்ததும் நெருக்கமாகத் தையல் போட்டு அடைத்தேன். கோயிலுக்குப் போகாமல் வேலை பார்த்தேன் என்று எனக்குள் பெருமை.

இதை ஏன் சொல்கிறேன் என்று பிரேமா கேட்டாள். சும்மாதான் என்றேன்.

மார்ச் 10, திங்கள்

பைனலைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு பக்கம் வக்கீல் நஞ்சப்பன். மூன்று வருஷமாக அவர்தான் ஜெயித்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் டீச்சர். அதற்கு முன் ஒரு பெண் எங்கள் பைனலுக்கு வந்ததில்லை. ஜெயிப்பவரைப் பம்பாய்ப் போட்டிக்கு அனுப்புவதாக இருந்தது. டீச்சருடைய பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இருபது பேர் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு இந்த ஆட்டத்தைச் சொல்லிக் கொடுக்கத்தான் கிளப்பின் பழைய செட்டை டீச்சர் ஒரு மாதம் வீட்டில் வைத்திருந்தார். அந்த வாரம்தான் திருப்பிக் கொடுத்தார்.

நடுவர், புரொபசர் அருளானந்தம். மேஜையைச் சுற்றி வரதராஜுலு சார், நான், டீ போடுகிற குட்டப்பன்.

டீச்சர் முன்னால் போய்க்கொண்டிருந்தார். நடுவில் ஒரு தடவை நடுவரிடம் சொல்லிவிட்டுக் கழிப்பறைக்குப் போய் வந்தார். பிறகு ஒரு வார்த்தை வைத்தார். வக்கீல் எழுந்துவிட்டார்.

"சார், இது மூணாவது பிளாங்க்."

பிளாங்க் என்றால் எழுத்தே இல்லாத சில்லு. ஒரு செட்டில் அது இரண்டுதான் உண்டு. இரண்டும் ஏற்கெனவே பலகையில் இருந்தன. வக்கீல் ஒன்று வைத்திருந்தார், டீச்சர் ஒன்று.

கடிகாரத்தை நிறுத்தினார்கள். எல்லாச் சில்லையும் கொட்டி எண்ணினார்கள். நூறு சரியாக இருந்தது. ஒரு எழுத்துச் சில்லு குறைவு, வெற்றுச் சில்லு ஒன்று அதிகம். அந்த மூன்றாவது சில்லின் முதுகு சற்றே கறுத்திருந்தது. பழைய செட்டை எடுத்துவரச் சொன்னார்கள். அதில் ஒரு வெற்றுச் சில்லு இல்லை.

டீச்சர் கைப்பையை அவரே மேஜையில் கவிழ்த்தார். சீப்பு, ஜெபமாலை, பஸ் டிக்கெட், பாதி சாக்பீஸ். வேறு ஒன்றும் இல்லை. "மாத்தி எடுத்த எழுத்தைப் பாத்ரூம்ல போட்டிருப்பாங்க" என்றார் வக்கீல். பின்வரிசையில் இருந்த பிள்ளைகளை வெளியே போகச் சொன்னார்கள். அவர்கள் வரிசையாகப் போனார்கள். ஒரு பிள்ளையும் டீச்சர் முகத்தைப் பார்க்கவில்லை.

என்னிடம் கேட்டார்கள்: "ஆறுச்சாமி, ஆட்டத்துக்கு முன்னாடி எண்ணுனியா?"

"நூறு இருந்துச்சுங்க."

காகிதத்தில் எழுதினார்கள். கைரேகை வைத்தேன். டீச்சரை ஆட்டத்திலிருந்து நிரந்தரமாகத் தள்ளிவைத்தார்கள். மாலைப் பேப்பரில் வந்தது.

பிரேமா எழுதி முடித்துவிட்டு, "நூறு இருந்துச்சுன்னு சொன்னது நெஜந்தானுங்களே மாமா?" என்றாள்.

"நெஜம்தான்."

மார்ச் 11, செவ்வாய்

போத்தனூர்.

மார்ச் 12, புதன்

நேற்றுப் போத்தனூரில் பிரேமாவுடைய வாடிக்கைக்காரி ஒருத்தி என்னைப் பார்த்திருக்கிறாள். சர்ச் வீதி முக்கில், டயர் கடைக்கு எதிரில், முக்கால் மணி நேரம் நின்றுகொண்டே இருந்தேனாம்.

"அங்க யாருங் மாமா இருக்காங்க?"

"ஒரு வீடு. பச்சைக் கேட்டு."

"யாரு வீடு?"

டிரங்குப் பெட்டியைத் திறந்து, என் மில் அடையாளப் பித்தளை வில்லைக்குக் கீழே இருந்த பொட்டலத்தை எடுத்து அவள் மடியில் வைத்தேன். அவள் பிரித்தாள். ஒரு மரச்சில்லு.

இதை எழுது என்றேன். எழுதினாள்.

பைனல் அன்று காலையில் அடுக்கியபோது நாலாவது சதுரத்தில் ஒரு மூலை காலியாக இருந்தது. தொண்ணூற்றொன்பது. தரையெல்லாம் தடவினேன், பீரோவுக்கு அடியில் விளக்குமாற்றை விட்டுப் பார்த்தேன். வரதராஜுலு சாரிடம் ஓடினேன். அவர் நடுவருக்கு மாலையோடு வாசலில் நின்றார். "நூறு வந்தாச் சொல்ல வா, வராட்டி என்ற மூஞ்சியில முழிக்காதே" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

பீரோவில் பழைய செட்டு இருந்தது. அதிலிருந்து ஒன்றை எடுத்துப் போடலாம். எதை எடுப்பது? எந்த எழுத்து காணாமல் போனது என்று எனக்கு எப்படித் தெரியும்? தப்பான எழுத்தைப் போட்டால் யாருக்காவது லாபமோ நஷ்டமோ ஆகிவிடுமே. தேடியபோது எழுத்தே இல்லாத சில்லு கைக்கு வந்தது. ஒவ்வொரு செட்டிலும் அப்படி இரண்டு இருப்பதைப் பார்த்திருக்கிறேன்; அச்சு சரியாக விழாமல் போன சில்லு, கம்பெனிக்காரன் எண்ணிக்கைக்குப் போட்டு அனுப்பியிருக்கிறான் என்றுதான் அத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். ஒன்றும் எழுதாத சில்லால் ஒருவருக்கும் கெடுதல் வராது. அதை எடுத்து மூலையில் வைத்தேன். நூறு.

அந்த வெற்றுச் சில்லை எந்த எழுத்தாக வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், பையிலேயே அதுதான் ராஜா என்பது வக்கீல் எழுந்து நின்றபோதுதான் எனக்குத் தெரியும்.

தை மாதம் புதுப்பை வந்தது. பழைய வெல்வெட்டை விளக்குத் துடைக்க என்னிடம் தந்தார்கள். கசக்கும்போது மூலையில் கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. என் தையலை நானே பிரித்தேன். கிழிசல் வழியாக இரண்டு துணிக்கும் நடுவில் போய் உட்கார்ந்திருந்த சில்லு. அதை உள்ளே வைத்துத் தைத்திருக்கிறேன்.

"என்ன எழுத்துங் மாமா இது, தெரியுமுங்களா?"

"யாருகிட்டக் கேக்க முடியும்? கேட்டா எங்கிருந்து வந்துச்சும்பாங்க."

பிரேமா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "ஈ-ங்க. சாதாரண எழுத்துதான். எந்த வார்த்தையிலும் வரும்."

முப்பது வருஷமாக அதை ஏதோ பெரிய எழுத்து என்று நினைத்திருந்தேன்.

மார்ச் 13, வியாழன்

பிரேமா காலையிலிருந்து முகூர்த்த ஜாக்கெட்டுகளோடு உட்கார்ந்திருந்தாள். மிஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. சாயங்காலம் நோட்டை எடுத்துவந்து உட்கார்ந்தாள்.

"தெரியாமச் செஞ்சதுதானுங் மாமா. அப்பவே சொல்லியிருந்தா வைவாங்க, அவ்வளவுதான். இத்தனை வருஷம் அதுக்கா நின்னு அந்தக் கேட்டைப் பாத்துட்டு வரீங்க?"

அவளுக்கு இன்னும் ஒன்று சொல்லவில்லை. பேனாவைக் கீழே வைக்காதே என்று சொல்லிவிட்டுச் சொன்னேன்.

அன்று அவர்கள் என்னிடம் இரண்டு கேள்வி கேட்டார்கள். ஒன்றைத்தான் திங்கட்கிழமை எழுதினோம். இரண்டாவது கேள்வி புரொபசர் அருளானந்தம் கேட்டது. நிதானமான மனிதர், அவருக்கு மட்டும் ஏதோ சந்தேகம் இருந்தது.

"பழைய செட்டை டீச்சர் திருப்பித் தந்தாங்களே, அப்ப அதை எண்ணி வாங்குனியா?"

எண்ணித்தான் வாங்கினேன். டீச்சர் எதிரில், நாலு சதுரம், ஒன்றும் குறையவில்லை. 'சரியா இருக்குங்களா?' என்று அவர் கேட்டார். 'நூறுங்க' என்றேன்.

அதைச் சொன்னால், அப்புறம் எடுத்தது யார் என்று கேட்பார்கள். சாவி என்னிடம்தான் இருந்தது.

டீச்சர் என்னைப் பார்த்தார். பயந்து பார்க்கவில்லை. இதோ ஆறுச்சாமி சொல்லப்போகிறார், தீர்ந்தது என்கிற மாதிரி பார்த்தார்.

"எண்ணலீங்க" என்றேன்.

பிரேமா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். மிச்சத்தைச் சற்றுப் பொறுத்துத்தான் எழுதினாள். மிச்சம் பெரிதாக ஒன்றும் இல்லை. அந்தப் பள்ளிக்கூடத்தில் தினமும் டீச்சர் வகுப்புக்குள் நுழையும்போது கரும்பலகையில் யாராவது ஒரு வெற்றுக் கட்டம் வரைந்து வைத்திருப்பார்களாம். ஆறு மாதம் பொறுத்துவிட்டு வேலையை விட்டுவிட்டார். குட்டப்பன் சொன்னான். நான் அன்றைக்கும் அளவு தப்பாமல் டீ கொடுத்தேன்.

மார்ச் 14, வெள்ளி

பச்சைக் கேட்டைத் திறந்தேன். பிரேமா கூட வந்து டயர் கடையோரம் நின்றுகொண்டாள்.

டீச்சர் ஊன்றுகோலோடு வந்தார். தலை முழுவதும் வெளுத்திருந்தது. என் முகத்தைப் பார்த்துத் தெரியவில்லை. இடது கையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"மில் கிளப் ஆறுச்சாமி. எனக்குச் சர்க்கரை கம்மியாப் போட்டுத் தருவீங்க. உள்ள வாங்க."

உட்காரவில்லை. சில்லை மேஜைமேல் வைத்தேன். வைத்துவிட்டு, பிரேமாவிடம் சொன்னதையெல்லாம் சொன்னேன். 'எண்ணலீங்க' என்றதையும் சொன்னேன். அவர் சில்லைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே கேட்டார். வெளியே வெங்காய வண்டிக்காரன் தெருவைச் சுற்றி இரண்டு தடவை கத்திவிட்டுப் போனான்.

"நான் எடுக்கலைன்னு எனக்கு அன்னைக்குத் தெரியும்" என்றார் டீச்சர். "ஒரு வருஷம் வரைக்கும் நல்லாத் தெரியும். அப்புறம் தெரியாமப் போச்சு."

எனக்குப் புரியவில்லை.

"பழைய செட்டு ஒரு மாசம் என் வீட்டுல இருந்துச்சே. ஒண்ணு ஹேண்ட்பேக்குல விழுந்திருக்குமோ, கர்ச்சீப்போட கைக்கு வந்திருக்குமோ, நானே தெரியாமப் பைக்குள்ள விட்டுட்டேனோன்னு யோசிச்சு யோசிச்சு, கடைசியில அப்படித்தான் நடந்திருக்கும்னு முடிவே பண்ணிட்டேன். திருப்பிக் குடுத்தப்ப நீங்க எண்ணுனது எனக்குக் கண்ணுல நிக்கும். ஆனா நீங்க எண்ணலைன்னு சொன்னீங்களே. உங்களுக்குப் பொய் சொல்ல என்ன இருக்குன்னு, என் ஞாபகத்தைத்தான் நான் சந்தேகப்பட்டேன். ஜெபத்துல மன்னிப்புக் கேட்டிருக்கேன், ஆறுச்சாமி. செய்யாததுக்கு. முப்பது வருஷம்."

காலில் விழக் குனிந்தேன்.

"வேண்டாம், வேண்டாம். விழுந்தா உங்களைத் தூக்கி விட என்னால ஆகாது. எனக்கு ரெண்டு முட்டியும் போச்சு."

அவர் சிரிக்கவில்லை. நானும்தான்.

"எங்கிட்ட வந்து சொன்னது எனக்குப் பத்தாது. நீங்க கைரேகை வெச்சது சபையில."

"அந்தச் சபையில இருந்தவங்க எல்லாரும் போயிட்டாங்கம்மா."

"இப்ப இருக்கிற சபையில சொல்லுங்க. அந்த டீச்சர்னு சொல்லாதீங்க. கோர்ட்டுல குத்தவாளியைச் சொல்ற மாதிரி, எல்லாரும் அந்த டீச்சர், அந்த டீச்சர்னுதான் சொன்னாங்க. என் பேரைச் சொல்லிச் சொல்லுங்க. ஞாபகம் இருக்கா?"

"இருக்குதுங்க."

"நான் வரமாட்டேன். ஆனா எனக்குத் தெரிஞ்சுடும்."

சில்லைத் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

மார்ச் 15, சனி

ஸ்ரீதரைக் கூப்பிட்டுச் சொன்னேன். அரை மணி நேரம் வாசலிலேயே நின்றார். "அப்பா பேரும் கெடுமேண்ணா. யாருக்கும் இப்ப அது ஞாபகம்கூட இல்லை. உடம்பு சரியில்லைன்னு வராம இருந்துருங்க, கேடயத்தை வீட்டுக்கே அனுப்பறேன்" என்றார்.

பிரேமா உள்ளேயிருந்து, "மாமா வருவாருங்க" என்றாள்.

மார்ச் 16, ஞாயிறு

கல்யாண மண்டபம். நூறு பேருக்குக் குறையாது. எண்ணிப் பார்க்கவில்லை.

பொன்னாடை போட்டார்கள். கேடயத்தைக் கையில் கொடுத்தார்கள். அதைத் தரையில் வைத்துவிட்டு மைக்கைக் கேட்டேன். ஸ்ரீதர் கொஞ்சம் தயங்கி, பிறகு அவரே பிடித்துக்கொண்டார். 

பையைத் துவைத்ததிலிருந்து சொன்னேன். அச்சு விழாத சில்லு என்று நினைத்தேன் என்றபோது முன்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். 'எண்ணலீங்க' என்ற இடம் வந்ததும் சிரிப்பு நின்றது. ஒருவர், "இறங்கச் சொல்லுங்கப்பா அந்த ஆளை" என்றார். இறங்கவில்லை. படிக்காதவன் பொய் சொல்லமாட்டான் என்று நீங்கள் நம்பினீர்கள், அந்த நம்பிக்கை போய்விடுமே என்றுதான் பொய் சொன்னேன் என்றேன்.

பிறகு, அன்று மேஜையைச் சுற்றி இருந்தவர்களை ஒவ்வொருவராகச் சொன்னேன். இங்கேயும் அதே வரிசையில் எழுதச் சொல்லியிருக்கிறேன். பிரேமா பக்கத்தில் மை டப்பாவைத் திறந்து வைத்திருக்கிறாள். இந்தப் பக்கத்தின் அடியில் கட்டைவிரல் வைக்கவேண்டும்.

வரதராஜுலு சார், மில் மூடிய மறுவருஷம் போனார். வக்கீல் நஞ்சப்பன், கோர்ட் படியிலேயே மாரடைப்பில் போனார். புரொபசர் அருளானந்தம் கொரோனாவில் போனார்; பாடையைக்கூடப் பார்க்க விடவில்லை. குட்டப்பன் பாலக்காட்டில் மகள் வீட்டில் போனான். கைரேகை வைத்த ஆறுச்சாமி, சபையில் நின்று பொய் சொன்னவன், நான். என்னை இருப்பவர்களில் சேர்க்கவேண்டாம். அந்த மேஜையில் ஒரு தப்பும் செய்யாமல் இருந்து, இன்றைக்கும் உயிரோடு இருப்பவர் ஒருவர்தான். போத்தனூர், சர்ச் வீதி, பச்சைக் கேட்டு வீடு. ஹில்டா ஞானசெல்வம்.